மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்

ராசா முத்து,

கொரோனாவுக்குப் பயந்து ரெண்டு வருசம் நகராமல் நின்ற ஆண்டாள் தேர், அப்புறம் ஒரு ஆடிப்பூரத்தில் அம்புட்டுக் கூட்டத்தோடு ஓடியதே, அந்த வருசம்தான் அது. நீ ஜம்முவிலிருந்து அஸ்ஸாமுக்கு மாற்றலாகிப் போன வருசம். சோழபுரத்தில் உன் மாமனார் தோட்டத்து போர்வெல்லில் மூன்றாவது தடவையாகத் துளை போட்டுத் தண்ணீர் வந்த வருசம். இங்கே ராஜபாளையத்தில் பாதாளச் சாக்கடைக்கென்று நம் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு, மூட மறந்த மாதிரி விட்டிருந்தார்கள். எத்தனாம் வருசம் என்று நீங்கள் எண்ணாகச் சொல்வீர்கள். எனக்கு எண் நிற்காது. நடந்தது மட்டும் நிற்கும். அந்தப் புரட்டாசியில்தான் உன் அம்மா போனாள்.

போன மாதம் மருந்துக்கடை அண்ணாச்சி செத்துப்போன செய்தி கேட்டு நீ போன் பண்ணினாய். வெகுநாள் கழித்து நீயாகப் பண்ணிய போன். "தண்டனை இல்லாமலே தப்பிச்சுட்டாம்லா. ஒங்களுக்குச் சந்தோசம்தானப்பா" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். அன்றைக்குச் சாயங்காலம் மருமகள் வேறு விசயமாகப் பேசும்போது, உனக்கும் பிரஷர் வந்து மாத்திரை சாப்பிடுகிறாய் என்று சொன்னாள். கடையில் கொடுப்பதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, பார்க்காமல் விழுங்குகிறாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னால் சரி சரி என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

எழுதுவது உன் அக்கா. பஞ்சு மில்லில் பேல் பேலாகப் பஞ்சுப்பொதி சுமந்து கைநாட்டு வைத்தவனுக்கு எழுத்து ஏது. நான் பேச்சாகச் சொல்லச் சொல்ல அவள் ஏட்டுத் தமிழாக்கி எழுதுகிறாள். "எப்பா, செத்த மெதுவாச் சொல்லுங்க, எங் கை என்ன மெஷினா?" என்கிறாள். அதையும் எழுது என்றேன். முறைக்கிறாள்.

உன் அம்மாவுக்கும் எழுத்து கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஆனால் மாத்திரைக்குப் பேர் வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. காலையில் போடும் பிரஷர் மாத்திரை வெள்ளைச்சி. ராத்திரி கால் எரிச்சலுக்குப் போடுவது செவத்தாள். எப்போதாவது வாயுவுக்குக் கொடுக்கும் குண்டு மாத்திரை சம்மந்தக்காரி. வந்தால் வயிற்றை விட்டுப் போகமாட்டாளாம். கடையில் வேறு கம்பெனி அட்டை கொடுத்தால், "கம்பெனி மாறுதுன்னா என் சீக்கும் கம்பெனி மாறிக்கிடுமா?" என்று கேட்பாள். நாங்கள் சிரிப்போம். அவள் கேட்டது சிரிக்கிற கேள்வி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவளைப் பார்த்த டாக்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில், உன் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில். மருந்து வாங்கிய கடையும் அங்கேதான், பஸ் நிலையத்துப் பக்கம். டாக்டர் எழுதிய சீட்டை அம்மா இங்கே ராஜபாளையத்தில் துணி மூட்டைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். பத்திரம் என்றால் அப்படி ஒரு பத்திரம்; நாங்களே கேட்டாலும் எடுக்கமாட்டாள், கசங்கிவிடுமாம். சீட்டு இங்கே, கடை அங்கே. அதனால் என்ன செய்வோம் என்றால், தீர்ந்துபோன அட்டையின் கடைசித் துண்டைக் கடைக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம். கடையில் அதைக் காட்டி, இதே மாதிரி குடுங்க என்பது. நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். கடைக்காரர்களும் அட்டையை முழுசாகக் கொடுக்கமாட்டார்கள், பத்து நாளுக்கு என்றால் கத்தரியால் வெட்டித்தான் கொடுப்பார்கள். மருந்தின் பேர் இருக்கிற பக்கம் யாரிடம் போகும், தேதி இருக்கிற பக்கம் யாரிடம் போகும் என்று யார் கண்டது. நம்மிடம் இருந்த துண்டு வெள்ளித்தாளில் பச்சை எழுத்து கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்த துண்டு. பேரில் பாதிகூட அதில் இல்லை. அதையே டாக்டர் சீட்டு மாதிரி நினைத்து மாதக்கணக்கில் நடத்தினோம்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நான் அந்தத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தேன் என்பது உனக்குத் தெரிந்த கதை.

இந்த இடத்தில் உன் அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இத நான் எழுதமாட்டேம்பா" என்றாள்.

"இதுவரைக்கும் சொன்னதுதான ஆத்தா. எழுது."

"இதுவரைக்கும் நீங்க சொன்னீக. நான் எழுதுனதில்ல. எங் கையால எழுதமாட்டேன்."

"அப்ப அந்த எடத்த விட்டுட்டு மேல போவோம்."

"எப்படிப் போவீக? கடைக்கு யாரு போனான்னு சொல்லாம தம்பிக்கு என்ன புத்தி சொல்வீக?" என்றவள், எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நானும் கூப்பிடவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "நடந்தத நடந்தபடி சொல்லுங்க, எழுதுதேன். அவன் என்னயப் பேசுனாப் பேசிட்டுப் போறான்" என்றாள். மேலே எழுதிய பொய்யை அடிக்கட்டுமா என்று கேட்டேன். அது இருக்கட்டும், அவனுக்குத் தெரியணும் என்றாள். ஆக, முத்து, இனிமேல் வருவது நடந்தது.

கடைக்குப் போனது நான் இல்லை. உன் அக்கா. நாளைக்கு விட்டால் நாளைமறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை, அம்மா விரதத்துக்கு உதவியாக ரெண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பியவள், வழியில் மருந்தையும் வாங்கியிருக்கிறாள். கடையில் கூட்டம். துண்டை நீட்டினாள். அண்ணாச்சி பச்சை எழுத்தைப் பார்த்தார், பின்னால் அடுக்கிலிருந்து உருவினார், வெட்டிக் கவரில் போட்டார். அவள் சும்மா வாங்கிக்கொண்டு வரவில்லை. "அண்ணாச்சி, அட்டை கொஞ்சம் அகலமா இருக்க மாதிரி இருக்கே" என்று கேட்டிருக்கிறாள். "கம்பெனி மாறிருக்கும்மா, உள்ள மருந்து ஒண்ணுதான்" என்றிருக்கிறார். பின்னால் நின்ற ஆள், "எக்கா, பஸ்ஸு போயிரும், நகருங்க" என்றிருக்கிறார். அவளுக்கும் பஸ். நகர்ந்துவிட்டாள். அதற்கு முன்னால் எத்தனையோ தடவை அண்ணாச்சி அதே வார்த்தையைச் சொன்னார், எத்தனையோ தடவை அது உண்மையாகவே இருந்தது. நூறு தடவை உண்மையைச் சொன்ன வாய் என்பதால்தான் ராசா, அந்த ஒரு தடவையும் நம்பினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா மாத்திரையைப் பிதுக்கி அம்மா உள்ளங்கையில் வைத்தாள். இளம்பச்சையாக இருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏட்டி, வெள்ளைச்சி எங்க? இவ யாரு, பச்சைச் சேலை கட்டிக்கிட்டு வந்து நிக்கா?" என்றாள். "கம்பெனி மாறிருக்காம்மா" என்றாள் அக்கா. "புரட்டாசிக்குப் புதுச் சேலை போல" என்று விழுங்கிவிட்டாள். நானும் அங்கேதான் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன், சிரித்தேன். அன்றைக்கு முற்பகலில் அம்மாவுக்கு வேர்த்துத் தள்ளியது, தலை கிறுகிறுத்தது. கஞ்சி குடித்ததும் சரியாகிவிட்டது. வெயில் என்று நினைத்தோம். நினைத்துப் பார், உடம்பு வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது, நாங்கள் வெயில் மேல் பழி போட்டோம்.

மறுநாள் சனிக்கிழமை. உன் அம்மாவின் விரதம் உனக்குத் தெரியும். உச்சிக்கு மாவிளக்கு ஏற்றிப் பெருமாளுக்குக் காட்டும்வரை பச்சைத்தண்ணீர்கூட இறங்காது. மாத்திரையை மட்டும் விடக்கூடாது என்று அக்கா கெஞ்சியதால், ஒரு மடக்குத் தண்ணீரில் அதைப் போட்டாள். பிறகு பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் சேர்த்துப் பிசைய உட்கார்ந்தாள். பிசைந்த கை நின்று நின்று போனது. ஜாக்கெட் முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டது. என்ன கேட்டாலும் குழறினாள். அக்கா பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு ஜைத்தூன் அக்காவைக் கூப்பிட்டாள். ஜைத்தூன் அக்காவின் வீட்டுக்காரருக்கு நாள்பட்ட சர்க்கரை. வாசலில் நின்று பார்த்ததுமே, "இது மயக்கம் இல்லடி, சக்கரை எறங்கிப்போச்சு. அந்த வெல்லத்த வாயில போடு" என்றார்கள். "அம்மாவுக்குச் சக்கரையே கெடையாதே" என்றாள் அக்கா. "இருக்கோ இல்லியோ, போடுங்கேன்" என்று, அவர்களே தாம்பாளத்தின் ஓரத்தில் கிடந்த வெல்லக்கட்டியை எடுத்து அம்மா உதட்டில் வைத்தார்கள்.

உன் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். நினைவு பாதிதான் இருந்தது, ஆனாலும் அந்தப் பாதிக்குள் விரதம் இருந்தது. "சாமிக்கு வச்சது" என்றாள். தெளிவாகச் சொன்ன கடைசி வார்த்தை அது. படைப்பதற்கு முன்னால் நாக்கில் படக்கூடாது என்று சின்னப் பிள்ளையில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். உனக்கும் அக்காவுக்கும் அவள் சொன்னாள். தாம்பாளத்தில் கைவைத்ததற்கு நீ ஒருதரம் அடிகூட வாங்கியிருக்கிறாய். "நீங்க சொல்லுங்கண்ணே, நீங்க சொன்னாத் தின்பா" என்று ஜைத்தூன் அக்கா என்னைப் பார்த்துக் கத்தினார்கள். சொன்னேன். தாடையைப் பிடித்தும் பார்த்தேன். பேல் தூக்கிய கைக்கு அவள் பல்லைத் திறக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளாகவே வாய் திறந்தாள், ஆனால் அப்போது விழுங்குகிற நினைவு இல்லை.

தோண்டிப் போட்ட தெருவுக்குள் ஆட்டோ வரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் மூன்று பேருமாக மெயின்ரோடு வரைக்கும் தூக்கிப்போனோம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவரா என்று டாக்டரம்மா கேட்டார்கள். இல்லை என்றேன். பின்னாலேயே வந்த ஜைத்தூன் அக்கா, வீட்டிலிருந்து எடுத்துவந்த அட்டையை நீட்டி, "எங்க வீட்டுல அவிய திங்குற மாத்திரைதான் இதும்மா" என்றார்கள். டாக்டரம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு உன் அக்காவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவள் இன்னும் இறக்கி வைக்கவில்லை. அம்மா கண் திறக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் சொல்லி போலீஸ் வந்தது. ஏட்டு ஒருவர், வயசானவர், தணிவாகத்தான் கேட்டார். "யாரு வாங்கினது? யாரு கையில எடுத்துக் குடுத்தது?" உன் அக்கா சுவரோரம் நின்றாள். வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "நான்தான் வாங்கினேன், நான்தான் குடுத்தேன். எனக்கு எழுத்து தெரியாது. கேஸ் ஒண்ணும் வேண்டாம்" என்று முந்திக்கொண்டேன். கேஸ் என்று போனால் கூண்டில் ஏறுவது கடைக்காரர் மட்டுமா? பெற்றவளுக்கு உன் கையால்தானே கொடுத்தாய், பார்த்தாயா, படித்தாயா, பத்தாவது வரை படித்தவள்தானே என்று ஒவ்வொரு வாய்தாவுக்கும் கேட்பார்கள். அவள் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே நிற்பாள். ஒரு பொம்பளை போனது போதும் என்றுதான் நினைத்தேன். அது நியாயமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நீ விமானம் ஏறி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. "எழுத்து தெரியாட்டா நாலு பேருட்டக் காட்டிருக்கலாம்லா! கேஸ் வேண்டாம்னு சொல்ல எம்புட்டு வாங்குனீக?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாய். அதிலிருந்து லீவில் வந்தால் சோழபுரத்தில் மாமனார் வீட்டில் இறங்கி, அங்கிருந்தே திரும்பிவிடுகிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்கு யாராவது ஒரு ஆள் வேண்டியிருந்தது, என்னைக் கொடுத்தேன். கிழவன் மேல் இருக்கிற கோபம் கிழவனோடு போய்விடும். அக்கா மேல் வந்திருந்தால் உனக்கு இந்த ஊரில் யார் இருப்பார்?

அண்ணாச்சி வந்தது கருமாதி முடிந்த பிறகு. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வாசலில் நின்றார். "ஒம்ம மக கையிலதான் குடுத்தேன். நீரு வாங்குனதா ஏன் எழுதிக் குடுத்தீரு?" என்று கேட்டார். "அது எங்க வீட்டுப் பாடு" என்றேன். "எம் பாட்ட நான் எங்க போய்ச் சொல்ல?" என்றார். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. அடிக்கக் கை வந்தது, அடிக்கவும் இல்லை. நின்றுவிட்டுப் போனார். மன்னித்தேன் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் தப்பித்தார் என்று நீ சொன்னாயே, அது மட்டும் சரியில்லை. அதற்கப்புறம் அந்தக் கடையில் வெறும் அட்டைத்துண்டுக்கு மருந்து கிடையாது என்று ஆகிவிட்டது. சீட்டைக் கொண்டுவா என்று திருப்பி அனுப்புவார். கோபத்தில் எத்தனையோ பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று இருந்தார்.

இப்போது உன் விசயத்துக்கு வருகிறேன். வெறும் அட்டையைக் காட்டி மருந்து வாங்காதே, டாக்டர் சீட்டைக் கொண்டுபோ. கொடுத்ததும் பையில் போடாதே. கல்லாவுக்கு முன்னாலேயே நின்று அட்டையைத் திருப்பு. பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பேராம், அது மாறலாம். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பேர், அது சீட்டில் டாக்டர் எழுதிய மருந்தாகவே இருக்கவேண்டும், பக்கத்தில் இருக்கிற அளவும் ஒத்துப்போகவேண்டும் என்று உன் அக்கா சொல்கிறாள். டாக்டர் கம்பெனிப் பேரை மட்டும் கிறுக்கியிருந்தால், மருந்தின் பேரைத் தனியாக எழுதித் தரச் சொல். அட்டையை வெட்டினால் பேரும் தேதியும் உன் பக்கம் வருகிற மாதிரி வெட்டச் சொல். இது எந்த வியாதிக்கு என்று வாய்விட்டுக் கேள். உனக்கு இல்லாத வியாதியைச் சொன்னால் வாங்காதே. வீட்டுக்கு வந்தபிறகு நிறமோ வடிவமோ மாறியிருந்தால், விழுங்குவதற்கு முன்னால் கடைக்கோ டாக்டருக்கோ போன் பண்ணு. புது மாத்திரை தொடங்கிய பிறகு வேர்த்தாலும் கிறுகிறுத்தாலும் வெயில் என்று சொல்லாதே. விரதம் இருப்பதானால் முதலில் டாக்டரிடம் கேள். பின்னால் நிற்கிறவன் உச்சுக் கொட்டுவான். கொட்டட்டும்.

இதையெல்லாம் உனக்குப் போனில் சொல்ல உன் அக்கா எத்தனையோ தடவை எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்திருக்கிறாள். பார்த்து வாங்கு தம்பி என்று அவள் சொன்னால், நீ பாத்தியா என்று நீ கேட்டுவிடுவாயோ என்று பயம். என் மாத்திரைகளை இப்போது அவள்தான் வாங்கிவருகிறாள். கல்லாவில் நின்று ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பாள். "எக்கா, பரிச்சைக்கா படிக்கீக?" என்று ஒருவன் கேட்டானாம். "ஆமாம்யா, ஒருதரம் பெயிலாப் போனவ" என்றாளாம். என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வீட்டில் மாத்திரையை என் கையில் வைக்கமாட்டாள். கிண்ணத்தில் போட்டு, பேரைச் சத்தமாகச் சொல்லி, என் பக்கம் நகர்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் விழுங்கி முடித்து, தண்ணீர்ச் செம்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்ப்பாள்.

முத்து, நீ கோபப்படு. ஆனால் முதலில் அவளுக்கு ஒரு போன் பண்ணு. என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று அவளிடம் வாசித்துக் காட்டு. அவள் கேட்கட்டும். சரிதான் தம்பி, சாப்பிடு என்று அவள் வாயால் ஒருதரம் சொல்லட்டும். இந்த வீட்டுக்கு நீ செய்யவேண்டிய காரியம் அது ஒன்றுதான். நான் கேட்பதும் அது ஒன்றுதான்.

சீக்கிரம் செய். அன்றைக்கு அந்த மாவுத் தாம்பாளத்தைச் சுற்றி இருந்தவர்களில் உன் அம்மா அப்போதே போனாள். ஜைத்தூன் அக்கா போன நோன்புக்கு முன்னால் போனார்கள். மருந்தைக் கொடுத்தவரும் போய்விட்டார். எனக்கு நெஞ்சு அடைக்கிறது, படி ஏற முடியவில்லை. என்னை நீ கணக்கில் சேர்க்காதே. உன் அம்மா எப்படிப் போனாள் என்று பார்த்தவர்களில், உன்னைத் தம்பி என்று கூப்பிடுகிறவர்களில், மிச்சம் இருக்கப்போவது ஒருத்திதான். என்னைப் பெற்றவளின் பேரை வைத்ததால் அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, ஆத்தா ஆத்தா என்றே காலம் போய்விட்டது. இப்போது சொல்கிறேன். எழுதமாட்டேன் என்கிறாள். எழுது என்கிறேன்.

பேச்சியம்மாள்.